நாற்பதாவது கால்

கோட்டைக்குப்பம்
28-9-1988

தம்பி அப்துல் லத்தீப்புக்கு, கோட்டைக்குப்பம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்து வாட்ச்மேன் கோதண்டம் சொல்லச் சொல்ல, சங்கத்து எழுத்தர் அந்தோணிசாமி எழுதுகிற கடிதம். நான் பேசுகிறதை அவர் எழுத்துத் தமிழாக்கிப் போடுகிறார். படித்தவன் பேச்சு மாதிரி எங்காவது தெரிந்தால் அது அவர் குற்றம்.

நீ மெட்ராசிலிருந்து வந்து சங்கத்துக் கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் போட்டுவிட்டுப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். பெட்டி நன்றாக ஓடுகிறது. முன்பெல்லாம் உச்சிவெயில் ஏறினால் பாதி வேலையில் கண்ணைத் திறந்தபடியே செத்துப்போகுமே, அது இப்போது இல்லை. எவனோ கழித்துக் கொடுத்த பழைய பெட்டி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பாடு யாருக்கு என்று கேட்க என்னிடம் யாரும் வருவதில்லை. நீ பஜார் வீட்டுப் பிள்ளை, உனக்குப் பாடு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரன் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுக்கிற முறை அது. நூற்றுப் பன்னிரண்டு வீட்டு முறையும் இத்தனை வருடம் என் தலைக்குள் இருந்தது. இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. நல்லதுதான். தலை லேசாகிவிட்டது.

ஒரு சந்தேகம். அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் நின்றேன். பழசைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி, சங்கத்துச் சொத்து என்று சொல்லி மேசை டிராயரில் வைத்தாய். புதுசின் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தாய். எனக்கு அது பூரான் மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் இருபது கால், அந்தப் பக்கம் இருபது கால். அத்தனை காலும் வெறுமையாக உள்ளே போனது, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இந்த உப்புக்காற்றில் எண்ணெய் காட்டாத பூட்டு ஒரு மழைக்காலம் தாங்காது, உனக்குத் தெரியாததா? ஐப்பசி பிறக்கப் போகிறது. அதற்குள் காலுக்கு எண்ணெய் போடவேண்டுமா, போட்டால் எந்த எண்ணெய் என்று உடனே எழுது.

உன் உம்மா ஜைனம்பு நேற்று ஏலக்கடைக்கு இறால் வாங்க வந்தாள். "எம்புள்ள வச்சது எப்டிண்ணே ஓடுது?" என்றாள். "குதிர மாரி ஓடுது"ன்னேன். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

கோதண்டம்


மெட்ராஸ்
14-10-1988

அன்புள்ள கோதண்டம் மாமாவுக்கு, லத்தீப் எழுதுவது.

கம்பெனி வேலையாக விசாகப்பட்டினம் போயிருந்தேன். கிளம்புகிற அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் வந்தது. நேற்றுதான் திரும்பினேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம் மாமா. அது படகு இல்லை. அந்த மூடியைத் திறக்கவும் வேண்டாம். ஒரு பிராசசரைக் கால் கோணாமல் எடுத்து வைக்கவே எங்களுக்கு ஆறு மாதம் பழக்கம் கொடுத்தார்கள். நாற்பதில் ஒரு கால் முறிந்தால் மொத்தமும் குப்பை.

கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடிதத்தை இங்கே கூட வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன். எண்ணெய் வந்த இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பூரான் என்ற பேரை இப்போது எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "ஒரு பூரான் எடு" என்றுதான் ஸ்டோரில் கேட்கிறோம்.

நம் ஊரில் நான் கை வைத்த முதல் பெட்டி அது. உம்மா பஜார் முழுக்கச் சொல்லிவிட்டதாம். அதைக் கொஞ்சம் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

லத்தீப்


கோட்டைக்குப்பம்
6-11-1988

தம்பி லத்தீப்புக்கு,

உன் கடிதம் வந்தது. அந்தோணிசாமி படித்தார். எண்ணெய் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி.

பெட்டி ஓடுகிறது. மழை பலம். ஏரி நிரம்பி முகத்துவாரம் உடைத்துக்கொண்டு போகிறது. வேறு சேதி இல்லை.

இனிமேல் பெட்டியைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் அந்தோணிசாமிக்கே எழுது. நான் வாசல் காக்கிறவன். உள்ளே இருப்பது எனக்கு எதற்கு?

கோதண்டம்


மெட்ராஸ்
17-4-1989

கோதண்டம் மாமாவுக்கு,

இதை அந்தோணிசாமி அண்ணன்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று தெரியும். படிக்கட்டும். என்மேல் புகார் எழுதியவரும் அவர்தானே.

பங்குனி வெயில் ஏறியதும் பெட்டி பழையபடி நிற்க ஆரம்பித்தது என்று சங்கம் எழுதியது. கம்பெனி வேறு ஆளை அனுப்பியது. அவன் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பழைய பிராசசர். டிராயரில் பஞ்சு மட்டும் இருக்கிறது. புதுசை எங்கேயும் காணோம். லத்தீப் புதுசைப் போடவே இல்லை, பழசையே துடைத்து வைத்துவிட்டுப் புதுசை வெளியே விற்றுவிட்டான் என்று சங்கத்திலிருந்து புகார் வந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நீ மாத்தினதை யாராவது பாத்தாங்களா?" உங்கள் பெயரைச் சொன்னேன். அவரிடம் எழுதி வாங்கி வா என்றார் மேனேஜர். ஜூன் முதல் தேதி என் இடத்துக்கு வேறு ஆள் சேர்கிறான். அதுவரைக்கும் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தேன். உம்மா பஜாருக்குப் போவதை நிறுத்திவிட்டது. ஏலக்கடையில் எவனோ "நாப்பது கால் வூடு எது?" என்று கேட்டானாம். நாற்பது காலைத் திருடியவன் வீடாம். இப்போது எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். உங்களைப் பார்க்கச் சங்கத்து வாசல் வரைக்கும் வந்தேன். பூட்டியிருந்தது. அந்த நேரத்தில் நீங்கள் பூட்டிவிட்டுப் போகிறவர் இல்லையே.

நீங்கள் டார்ச் பிடித்தீர்கள் மாமா. சிவப்புப் பொட்டு வைத்ததைப் பார்த்தீர்கள். "பார்த்தேன்" என்று ஒரு வரி சொல்லி, கீழே கைநாட்டு வைத்து அனுப்புங்கள். அது போதும்.

லத்தீப்


கோட்டைக்குப்பம்
25-4-1989

தம்பி லத்தீப்புக்கு,

கடிதம் படிக்கக் கேட்டு வருத்தமாக இருந்தது.

எனக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. கண் மங்கல். டார்ச் பிடித்தது உண்மைதான். ஆனால் நீ எதைக் கழற்றினாய், எதை வைத்தாய் என்று நான் கவனித்துப் பார்க்கவில்லை. இரண்டும் கறுப்பு. எனக்கு ஞாபகம் இல்லை. கைநாட்டு வைக்கிற காரியம், நாளைக்குப் பொய்யாகப் போய்விடக் கூடாது பார்.

நீ கெட்டிக்காரப் பிள்ளை. உனக்கு வேறு இடம் கிடைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

கோதண்டம்


மெட்ராஸ்
2-5-1989

மாமா,

ஞாபகம் இல்லையா?

பங்குனியில் பெட்டி நின்றுபோய்ப் பாடு பட்டியலை வெளியே எடுக்க முடியாமல் ஊர் தவித்தபோது, சங்கத்து வாசலில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு வீட்டு முறையையும் ஒன்று பிசகாமல் சொன்னது யார்? சுப்பன் வீட்டு முறை அண்ணன் தம்பிக்குள் எந்த வருடம் பாகமானது என்பது வரைக்கும் சொன்னீர்களாம். அந்தோணிசாமி அண்ணனுக்கு எழுதிக் கை வலித்ததாம். பொன்னாடை போட்டார்களாம். உம்மாதான் சொன்னது. அப்போது அதுவும் கூட்டத்தில் நின்று சந்தோஷப்பட்டது.

நீங்கள் ஏரியில் படகு ஓட்டிய காலத்தில் என் வாப்பா கடைசியாக உங்கள் படகில் ஏறிப் போய், திரும்பி வராமல் பதின்மூன்று வருடம் ஆகிறது. எந்தப் பக்கம் உட்கார்ந்தார், கையில் என்ன பை வைத்திருந்தார், என்ன பேசிக்கொண்டு வந்தார் என்று ஒவ்வொரு வருடமும் உம்மாவிடம் சொல்லுவீர்கள். ஒரு வார்த்தை மாறியதில்லை. அதைக் கேட்டுத்தான் நான் வாப்பாவைத் தெரிந்துகொண்டேன்.

எட்டு மாதத்துக்கு முந்தைய டார்ச் வெளிச்சம் மட்டும் மறந்துபோனதாக்கும்.

யாருக்கோ பயப்படுகிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். இப்போது எதுவும் நினைக்கத் தோன்றவில்லை. இனி எழுதமாட்டேன்.

அப்துல் லத்தீப்


கோட்டைக்குப்பம்
21-5-1989, ஞாயிறு

தம்பி அப்துல் லத்தீப்புக்கு, கோதண்டம் சொல்ல, அந்தோணிசாமி எழுதுவது.

நான் சொல்வதை மாற்றாமல், குறைக்காமல், நடுவில் கேள்வி கேட்காமல் எழுத வேண்டும் என்று அந்தோணிசாமியிடம் அவர் கும்பிடுகிற மாதாவின் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நீ புதுசைத்தான் போட்டாய். நான் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் நான் எண்ணெயைப் பற்றி எழுதி, உன் பதிலுக்குப் பதினொரு நாள் பார்த்தேன். வரவில்லை. அன்றைக்குப் புரட்டாசி மாதத்து ஞாயிறு. வடக்கே மேகம் கட்டியிருந்தது. அந்தோணிசாமி கோயிலுக்குப் போயிருந்தார். சாவி என் இடுப்பில் இருந்தது. நீ பின்பக்கத்துத் திருகாணியைக் கழற்றிய மாதிரியே கழற்றினேன். நீ செய்த மாதிரியே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தேன். வலை பின்னுகிற ஊசியால் நெம்பினேன். படகுப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயைத் துணியில் தொட்டு நாற்பது காலுக்கும் காட்டினேன். உள்ளே வைக்கும்போது எண்ணெய்க் கை வழுக்கியது. கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டேன். இறால் ஓடு உடைகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் ஒரு கால் மடங்கித் தொங்கியது. நிமிர்த்தினேன். கையோடு வந்துவிட்டது.

இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, டிராயரிலிருந்த பழசை எடுத்து வைத்து மூடினேன். மறுநாள் அந்தோணிசாமி பெட்டியைப் போட்டார். ஓடியது. குளிர்காலம் முழுக்க ஓடியது. அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. ஒரு கால் முறிந்தால் மொத்தமும் குப்பை என்று அவர் படிக்க, நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

இங்கே அந்தோணிசாமி எழுதுவதை நிறுத்திவிட்டார். "இன்னா நைனா சொல்றே? நான் அந்தப் பையனத் திருடன்னு எழுதி அனுப்பினேனே" என்றார். சத்தியம் செய்திருக்கிறாய், எழுது என்றேன்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பாடு என் தலையை விட்டுப் பெட்டிக்குள் போன கோபத்தில் கிழவன் வேண்டுமென்றே ஒடித்துவிட்டான் என்று ஊர் சொல்லும். அந்தப் பயம்தான். இதுவரை சொன்னது சுலபம். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு வாயில் வரவில்லை. அந்தக் கால் ஒடிந்த சத்தம் கேட்டதும் நெஞ்சு பதறியது நிஜம். அதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்ணெய் போடத்தான் திறந்தேன் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அந்த ஒரு நொடிக்கு மட்டும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் ஊர் சொல்லப்போவது முழுப்பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு பங்குனியில் ஊரே என்னிடம் வந்து நின்றது. நானும் வாசலில் உட்கார்ந்து சொன்னேன். துண்டு போட்டார்கள். எதனால் பெட்டி நின்றது என்று தெரிந்துகொண்டே அதைத் தோளில் வாங்கிக்கொண்டேன். நீ எழுதியிருந்தாயே, உன் உம்மாவும் கூட்டத்தில் நின்றாள். நான் பார்த்தேன். கைதட்டினாள்.

எழுதத் தெரிந்தவன் தன் வெட்கத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம். எனக்கு அது இல்லை. இன்னொருத்தன் முகத்தைப் பார்த்து வாயால் சொன்னால்தான் என் கடிதம் கடிதமாகும். அதுவும் உன்மேல் புகார் எழுதிய அந்தோணிசாமியிடமே சொல்ல வேண்டும். செசிலியா டீச்சரிடம் போய் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு முறை பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். அது திருட்டுத்தனம் மேல் இன்னொரு திருட்டுத்தனம் என்று திரும்பி வந்தேன்.

உன் வாப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதை மட்டும் அந்தோணிசாமியை மூன்று முறை படிக்கச் சொன்னேன். நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னால், அவரைப் பற்றிச் சொன்னதும் பொய்யோ என்று உனக்குத் தோன்றும். அது கூடாது. அவர் இடப்பக்கம்தான் உட்கார்ந்தார். கையில் இருந்தது காக்கிப் பைதான். உன் பேரைச் சொல்லித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

தூண்டில்முள் போடுகிற தகர டப்பாவில் இத்தனை நாள் வைத்திருந்த உன் பூரான் இதோடு வருகிறது. சிவப்புப் பொட்டு அப்படியே இருக்கிறது. முப்பத்தொன்பது கால் அதில் இருக்கிறது. நாற்பதாவது காலைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். ஜூன் ஒன்றுக்குள் கொண்டுபோய்க் காட்டு.

சங்கத்துச் சாவியை அந்தோணிசாமி மேசையில் வைத்துவிட்டேன். கீழே என் கைநாட்டு.

கோதண்டம்

இதை எழுதியவன் குறிப்பு: புகார் எழுதியதும் இந்தக் கைதான். அதை வாபஸ் வாங்கிச் சங்கத்தின் பெயரில் எழுதிய தனிக் கடிதமும் உள்ளே இருக்கிறது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டேன், தம்பி. அந்தோணிசாமி.


மெட்ராஸ்
6-6-1989

கோதண்டம் மாமாவுக்கு,

பார்சல் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. மேனேஜர் மேசையில் வைத்தேன். மேலே இருக்கும் நம்பரை ஸ்டோர் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தார். பிறகு கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோய்விட்டு உடனே கீழே வைத்தார். "எட்டு மாசம் ஆச்சு, இன்னும் மீன் வாடை போகல" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. முதல் தேதி நானே வேலையில் சேர்ந்தேன்.

சிரித்தார்கள். எண்ணெய்க் கடிதத்தைப் படித்துச் சிரித்த அதே ஆட்கள். எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு விசாகப்பட்டினத்தில் இறங்கியதும் முதல் வேலையாக உங்களுக்குப் பதில் எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. அங்கே தபால்பெட்டி இல்லாமலா இருந்தது? அது என் பங்கு. அதற்குமேல் என் பங்கு எதுவும் இல்லை.

கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. பஜாருக்குத் தெரியவில்லை. நான் ஒவ்வொரு கடையாக ஏறிக் கடிதத்தைக் காட்ட முடியாது. காட்டினாலும், பையன் எப்படியோ எழுதி வாங்கிவிட்டான் என்பார்கள். உம்மா இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

உங்களை மன்னித்துவிட்டதாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீங்கள் மறைத்ததைக் கூட விட்டுவிடலாம். ஞாபகம் இல்லை என்றீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

இருபத்தைந்தாம் தேதி சங்கத்துக்கு வருகிறேன். வேறு பிராசசர் கொண்டுவருவேன். டார்ச் பிடிக்க அந்தோணிசாமி அண்ணன் போதும்.

லத்தீப்


கோட்டைக்குப்பம்
19-6-1989

தம்பி அப்துல் லத்தீப்புக்கு, கோதண்டம் சொல்லி எழுதியது.

நீ செய்யச் சொல்லவில்லை. ஆனால் பஜாருக்குத் தெரியவில்லை என்று எழுதியதை நான் கேட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏலக்கடைக்குப் போனேன். இறால் நல்ல வரத்து, கூட்டம் நெரிந்தது. ஏலம் கூவுகிற தருமலிங்கத்திடம் கொஞ்சம் வாயை மூடு, நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். பாடு விஷயமாக்கும் என்று எல்லோரும் அமைதியானார்கள். கூடை மேல் ஏறி நின்று சொன்னேன். எண்ணெய் போட்டதை, கால் ஒடிந்ததை, பழசை வைத்து மூடியதை, ஞாபகம் இல்லை என்று உனக்கு எழுதியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு நொடிச் சந்தோஷத்தையும் சொன்னேன். பிறகு தருமலிங்கம், "பாத்துக்கோ, நாளிக்கு ரேடியோவுக்கும் மீன் எண்ண ஊத்தப் போறாரு" என்றான். அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. இப்போது நான் தெருவில் போனால் எண்ணெய்க் கோதண்டம் என்கிறார்கள். உன் வீட்டுப் பேரை ஒருவரும் சொல்வதில்லை. பங்குனியில் போட்ட துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சங்கத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னால் போயிருந்தது. உன் உம்மா வாசலில் நின்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். கேட்டாச்சு என்று கையைக் காட்டினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"ஏண்ணே, இத்தினி மாசமும் என் வாசலத் தாண்டித்தானே சங்கத்துக்குப் போனீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"தெனமும் நல்லாருக்கியான்னு கேட்டுட்டுத்தானே போனீங்க?"

அதற்கும் ஆமாம் என்றேன். அந்தோணிசாமி, இதையும் எழுது. கேட்டுவிட்டுத்தான் போனேன். ஒரு நாள் கூட விடவில்லை.

இனிமேல் ஏரிக்கரையைச் சுற்றிப் போய்க்கொள்கிறேன், என் முகம் உன் கண்ணில் படாது என்றேன்.

"வேணாம்" என்றாள். "வழிய மாத்தாதீங்க. இந்த வழியாவே போங்க. நான் பாக்கணும்."

கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அங்கேயே நின்றாள். நான்தான் திரும்பி நடந்தேன்.

சங்கத்தில் எனக்கு இப்போது வேலை இல்லை. அந்தப் பக்கம் போகக் காரணமும் இல்லை. ஆனாலும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் வருகிறேன். அவள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று எழுந்து பஜாருக்குக் கிளம்பினாள், கையில் கூடை இருந்தது. நல்லாருக்கியா என்று நான் கேட்கவில்லை. நாலு எட்டு பின்னால் தள்ளி நடந்து போனேன்.

கோதண்டம்